நெட்டை ஓட்டுநரும் பந்தய இருக்கையும்



35 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பணியாற்றியவன் நான். ஆண்டுதோறும் நான் கண்ட காட்சி ஒன்றைச் சொல்லி இப்பேச்சைத் தொடங்குகிறேன். உடற்பயிற்சி நேரத்தில் மாணவர்களை உயரவாரியாக நிறுத்துவோம். ஒத்த உயரமுடைய இருவர் தோளோடு தோள் சேர்ந்து நிற்பர். அவ்விருவரையும் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரச் செய்தால், ஒருவனுடைய தலை மற்றவன் தலையைவிட இரண்டு விரற்கடை உயர்ந்து தோன்றும். காரணம் எளிது. ஒருவனுக்கு உயரம் காலில் இருக்கிறது. மற்றவனுக்கு உடலில் இருக்கிறது. நிற்கும் உயரம் வேறு, உட்காரும் உயரம் வேறு.

வகுப்பறையில் இவ்வேற்றுமையால் பெரிய தீங்கு எதுவும் நேர்வதில்லை. பின்னால் இருப்பவனுக்குக் கரும்பலகை மறையும், அவ்வளவுதான். ஆனால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பந்தயக் காரில் அந்த இரண்டு விரற்கடையே உயிரைக் காக்கும் இடைவெளியாகவோ, உயிரைப் போக்கும் குறைவாகவோ அமைந்துவிடுகிறது. நெடிய உடல் படைத்தவர் ஒருவர் தம் காரில் தொழிற்சாலை பொருத்திய இருக்கையைக் கழற்றிவிட்டு, பந்தயத்திற்கென்று செய்த வேறோர் இருக்கையைப் பொருத்த விரும்பினால் எவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். இதில் பொறியியல் உண்டு, உடற்கூற்றியல் உண்டு, நீங்கள் பள்ளியில் படித்த விசையும் அழுத்தமும் உண்டு.

முதலில் ஒரு கேள்வி. நல்ல இருக்கை இருக்கும்போது வேறோர் இருக்கை எதற்கு? வளைவில் விரைந்து திரும்பும் பேருந்தில் நின்று பயணம் செய்தவர்களுக்கு விடை தெரியும். வண்டி இடப்புறம் திரும்பினால் உடல் வலப்புறம் சாய்கிறது. சாயாமல் இருக்கக் கம்பியைப் பற்றிக்கொள்கிறோம். சாதாரணக் கார் இருக்கையில் அமர்ந்து பந்தயம் ஓட்டுபவர் எதைப் பற்றிக்கொள்வார்? ஸ்டியரிங் சக்கரத்தைத்தான் பற்றிக்கொள்வார். வண்டியைத் திருப்ப வேண்டிய கைகள் உடலைத் தாங்கும் வேலையையும் ஏற்கின்றன. பந்தய இருக்கையோ கண்ணாடி இழையாலோ கார்பன் இழையாலோ வார்த்த ஒரே ஓடு. தொடைக்கு இருபுறமும் விலாவுக்கு இருபுறமும் அது உயர்ந்து நின்று, ஓட்டுநரை அணைத்துப் பிடிக்கிறது. உடலைத் தாங்கும் வேலை இருக்கைக்குப் போய்விடுகிறது. கைகள் தம் வேலைக்குத் திரும்புகின்றன.

நெட்டையருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. வீட்டுக் கார் இருக்கையை மேலிருந்து கீழாகப் பிளந்து பார்த்தால், மேலே துணி, அதன்கீழ்த் தடித்த ஸ்பாஞ்சு, அதன்கீழ்க் கம்பிச் சுருள்கள், அதன்கீழ் இரும்புச் சட்டம், அடியில் இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும் ரெயில்கள் என்று அடுக்கடுக்காக இருக்கும். இவை எல்லாம் சேர்ந்து மனிதனைத் தரையிலிருந்து பல அங்குலம் தூக்கி வைக்கின்றன. பந்தய ஓட்டில் மெல்லிய திண்டு ஒன்றே உண்டு. ஆகவே இருக்கையை மாற்றினால் தலைக்கு மேலே இடம் கிடைக்கிறது.

இடம் தேடிய நெட்டையர்களின் வரலாற்றில் சுவையான செய்தி ஒன்று உண்டு. போர்டு கம்பெனியார் 1960-களில் செய்த புகழ்பெற்ற பந்தயக் கார் ஜிடி 40. அதன் உயரம் 40 அங்குலம், அதாவது ஏறத்தாழ ஒரு மீட்டர்; பெயரில் உள்ள 40 அதைக் குறித்ததே. அவ்வரிசையில் வந்த நான்காம் வகைக் காரை 1967-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டியவர் டான் கர்னி என்ற அமெரிக்கர். ஆறடிக்கும் மிக உயர்ந்தவர். தலைக்கவசம் அணிந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடித்தது. இருக்கையை இன்னும் தாழ்த்த வழியில்லை. ஆகவே அவர் தலைக்கு நேராகக் கூரையையே ஒரு குமிழ்போல் புடைக்கச் செய்தார்கள். கர்னியும் ஏ. ஜே. பாய்ட் என்பவரும் மாறி மாறி ஓட்டி அவ்வாண்டு வெற்றி பெற்றனர். 24 மணி நேரத்தில் அக்கார் 5,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அந்தப் புடைப்புக்குக் 'கர்னி குமிழ்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பெருங்கம்பெனி கூரையைப் புடைக்கச் செய்யலாம். வார இறுதியில் மன்றப் பந்தயங்களில் ஓட்டும் எளிய மனிதர் என்ன செய்வார்? அவருக்குக் கூரை மாறாது, தரை மாறாது. இரண்டுக்கும் இடையில் உள்ள இருக்கை ஒன்றே மாறும். ஓர் அங்குலம் வேண்டுமானால் அதனை இருக்கையிலிருந்துதான் எடுக்க வேண்டும். எங்கிருந்து எடுத்தால் தீங்கில்லை, எங்கிருந்து எடுத்தால் உயிருக்குக் கேடு என்று பகுத்தறிவதே இக்கலையின் உயிர்நிலை.

எடுத்துக்காட்டாக ஒரு காரை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஜப்பானிய மாஸ்டா கம்பெனியார் 1989-இல் வெளியிட்ட எம்எக்ஸ்-5 என்னும் சிறிய இருவர் கார். அமெரிக்காவில் அதை மியாட்டா என்பர். குதிரையும் அதில் ஏறியவனும் ஒன்றாதல் என்ற கருத்தைக் கொண்டு அதை வடிவமைத்ததாக அக்கம்பெனியார் கூறுவர். மன்றப் பந்தயக்காரர்களுக்கு மிகவும் விருப்பமான வண்டி அது. முதலில் வந்த வகையின் உயரம் சுமார் 1.23 மீட்டர்தான். ஆறடி உயரமுள்ளவர் அதில் அமர்ந்தால் தலை துணிக்கூரையைத் தொடும். முழங்கால் ஸ்டியரிங்கில் தட்டும். குதிரை நன்று, ஏறியவர் பெரியவர். இவருக்கு இருக்கை மாற்றுவது எப்படி?

முதற்படி அளத்தல். கடைக்குப் போகுமுன் அளவு நாடாவை எடுக்க வேண்டும். பழைய இருக்கையைக் கழற்றிவிட்டு, புதிய ஓட்டின் அடிப்பகுதியும் திண்டும் சேர்ந்து எவ்வளவு கனமோ அவ்வளவு கனமுள்ள பலகையைத் தரையில் இட்டு, தலைக்கவசத்தை அணிந்துகொண்டு அதன்மேல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தலைக்கவசம் இல்லாமல் அளப்பவர் தம்மையே ஏமாற்றிக்கொள்பவர். கவசத்தின் கனமும் தலையின் உயரத்தோடு சேர்ந்தது அன்றோ?

கூரை திறந்த காருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஓட்டுநருக்குப் பின்னால், வண்டி கவிழ்ந்தால் பாரத்தைத் தாங்குவதற்காக, வளைத்த இரும்புக் குழாய் ஒன்று நிற்கும். ரோல் பார் என்பது அதன் பெயர். அதன் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு ஒரு துடைப்பக் கழியை வைக்க வேண்டும். கவசம் அணிந்த தலை அக்கழியைத் தொடாமல் அதற்குக் கீழே இருக்க வேண்டும். வண்டி தலைகீழாகக் கவிழ்ந்தால் தரை வந்து நிற்கும் இடம் ஏறத்தாழ அந்தக் கழி இருக்கும் இடந்தான். தலை கழிக்கு மேலே இருந்தால் வண்டியின் பாரத்தைத் தாங்குவது இரும்பாக இராது, கழுத்தாக இருக்கும். குழாயின் உச்சி தலைக்கவசத்தைவிட 2 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும் என்று விதி செய்த பந்தய மன்றங்களும் உண்டு.

அளந்தபின், அங்குலங்களைத் தேட வேண்டும். முதல் இடம், இருக்கையை நகர்த்தும் ரெயில்கள். ஒருவரே ஓட்டும் பந்தய வண்டியில் நகரும் இருக்கை தேவையில்லை. ரெயிலை நீக்கிவிட்டு இருக்கையை அசையாமல் பொருத்தினால் உயரம் குறைகிறது; உறுதியும் கூடுகிறது. இழப்பு எதுவுமில்லாத ஆதாயம் இது. இரண்டாவது இடம், பொருத்தும் முறை. சில ஓடுகளை அடியிலிருந்து போல்ட்டுப் போட்டு நிறுத்துவர்; சிலவற்றை இருபுறமும் இரும்புத் தகடுகளை நிறுத்தி அவற்றின் இடையே தொங்குவதுபோல் பொருத்துவர். பின்னதில் ஓட்டின் அடி தரையை ஏறத்தாழத் தொடும் அளவுக்கு இறங்கும். ஆனால் பக்கத் தகடுகளுக்கு அகலத்தில் இடம் வேண்டும். கதவுக்கும் நடுவில் கியர்பெட்டியை மூடியிருக்கும் மேட்டுக்கும் இடையே உள்ள அகலத்தை அளக்காமல் வாங்கிய ஓடு வீட்டு மூலையில் கிடக்கும்.

மூன்றாவது இடம் முதுகின் சாய்வு. சற்றே சாய்ந்து உட்கார்ந்தால் தலை தாழும் என்பது உண்மை. ஆனால் இங்கே எச்சரிக்கை வேண்டும். மிகுதியாகச் சாய்ந்தவர் வழியைப் பார்க்கத் தலையை முன்னுக்கு வளைக்க வேண்டியிருக்கும், கழுத்து சோரும். அதைவிடப் பெரிய தீங்கு, மோதலின்போது உடல் இடுப்பு வாரின் அடியாக முன்னோக்கி வழுக்கிச் சென்றுவிடும். இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டிய வார் மென்மையான வயிற்றில் ஏறும். எலும்பு தாங்கும் விசையை வயிறு தாங்காது. ஆகவே சாய்வினால் பெறும் அங்குலத்திற்கு விலை உண்டு.

தாழ்வதற்கும் விலை உண்டு. இடுப்பு தாழ்ந்தால் கால்கள் முன்னோக்கி நீளும். முழங்கால் ஸ்டியரிங்கைத் தொடும். கண்கள் தாழ்ந்து வழி மறையும். ஆகவே இருக்கையின் இடத்தை முடிவு செய்யுமுன் மூன்றைச் சோதிக்க வேண்டும். கிளட்ச் மிதியை முழுவதும் அழுத்திய நிலையிலும் முழங்கால் சிறிது மடங்கியே இருக்க வேண்டும். தோள் இருக்கையிலிருந்து விலகாமல் கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்டியரிங் சக்கரத்தின் உச்சியில் படிய வேண்டும். முன்னால் உள்ள வழி கண்ணுக்குத் தடையின்றித் தெரிய வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவ்விடம் சரியானதன்று.

மாணவ நண்பர்களே, இனி நீங்கள் படித்த கணக்குக்கு வருவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 16.7 மீட்டர். அவ்வேகத்தில் செல்லும் ஒருவரின் உடல், மோதலில் அரை மீட்டர் தூரத்திற்குள் நின்றுவிடுவதாகக் கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் இருமடங்கால் வகுத்தால், வேகக்குறைவு வினாடிக்கு வினாடி 278 மீட்டர் என்று கிடைக்கும். இது புவியீர்ப்பைப்போல் சுமார் 28 மடங்கு. ஓட்டுநர் எடை 80 கிலோ என்றால், அந்தக் கணத்தில் அவரைப் பிடித்து நிறுத்த 2,200 கிலோவுக்கும் மேற்பட்ட எடையைத் தாங்கும் விசை வேண்டும். முன்னால் மோதினால் இந்தப் பளு பெரும்பாலும் வார்களில் விழும். பின்னாலிருந்து மோதப்பட்டால் முதுகுப் புறம், அதாவது இருக்கையும் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் தாங்க வேண்டும்.

காரின் தரையோ மெல்லிய தகடு. அதில் துளையிட்டுப் போல்ட்டை மாட்டி நட்டை முடுக்கினால், அது உறுதியாகவே தோன்றும். விசை வரும்போது தகடு கிழியும். போல்ட்டு துளையோடு பிடுங்கிக்கொண்டு வரும். பட்டத்திற்கு நூல் கட்டும் சிறுவன், நூல் காகிதத்தைக் கிழிக்காதபடி அவ்விடத்தில் சிறு துண்டு ஒட்டிக் கனமாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே அறிவுதான் இங்கும் வேண்டும். விசை ஒன்றே ஆயினும், பரவும் பரப்பு மிகுந்தால் அழுத்தம் குறையும். உலக மோட்டார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எப்.ஐ.ஏ. என்னும் பன்னாட்டு அமைப்பு, ஓர் இருக்கைக்குக் குறைந்தது 4 இடங்களில் பிடிப்பு வேண்டும், போல்ட்டின் விட்டம் 8 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது, தரையில் பொருத்தும் ஒவ்வோர் இடத்திலும் அடியில் வைக்கும் தகட்டின் பரப்பு 40 சதுர சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், தாங்கும் இரும்பின் கனம் 3 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. இருக்கையைத் தாழ்த்துவதற்காக இத்தகடுகளை மெல்லியதாக்கினால், கிடைப்பது இரண்டு மில்லிமீட்டர், இழப்பது உயிர்க்காப்பு.

நெட்டையருக்கே உரிய இன்னோர் இடர் தோள் வார்களில் இருக்கிறது. பந்தய ஓட்டின் முதுகில், தோள் வார்கள் நுழைந்து பின்னோக்கிச் செல்ல இரண்டு துளைகள் இருக்கும். அத்துளைகள் தோளின் மட்டத்திலோ அதற்குச் சிறிது மேலாகவோ அமைய வேண்டும். நடுத்தர உடலுக்கென்று செய்த ஓட்டில் நெடிய உடலினர் அமர்ந்தால் துளைகள் தோளுக்குக் கீழே போய்விடும். அப்போது வார் தோளின்மேல் ஏறி, வளைந்து, கீழ்நோக்கி இறங்கும். மோதலின்போது அது உடலைப் பின்னோக்கி இழுப்பதற்குப் பதிலாகத் தோளைக் கீழே அமுக்கும், முதுகெலும்பு நசுங்கும். காக்க வந்த வாரே தாக்க வந்ததாக முடியும். மேலும் ஓட்டின் முதுகு குட்டையானால் தலை அதற்கு மேலே நிற்கும். பின்னாலிருந்து மோதினால் தலையைத் தாங்க எதுவுமிராது. ஆகவே நெட்டையர் வாங்க வேண்டியது தாழ்ந்த அடியும் உயர்ந்த முதுகும் உடைய ஓடு. தலைக்கு மேல் இடம் கிடைக்கிறது என்பதற்காக முதுகு குட்டையான ஓட்டைத் தேர்வது தவறு.

தயாரித்த நாளையும் பார்க்க வேண்டும். 1999-ஆம் ஆண்டின் எப்.ஐ.ஏ. தரப்படி செய்த இருக்கைக்கு வயது 5 ஆண்டுகள். 2009-ஆம் ஆண்டின் உயர்தரப்படி செய்ததற்கு 10 ஆண்டுகள். இருக்கையில் ஒட்டிய சீட்டில் நாள் அச்சிட்டிருக்கும். மலிவாகக் கிடைக்கும் பழைய ஓடு ஒருமுறை மோதலில் சிக்கியதாக இருக்கலாம். இழைகளின் உள்ளே உள்ள விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

இவ்வளவும் கேட்டபின், வீட்டிலுள்ள காரிலும் இப்படி ஓர் இருக்கையைப் பொருத்தினால் என்ன என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். வேண்டாம் என்று உறுதியாகக் கூறுவேன். இன்றைய கார்கள் பலவற்றில் பக்கவாட்டு மோதலைத் தாங்கும் காற்றுப்பை இருக்கையின் உள்ளேயே தைத்து வைக்கப்பட்டிருக்கிறது. சீட் பெல்ட்டின் பூட்டும் பல வண்டிகளில் இருக்கையோடே சேர்ந்தது. இருக்கையைக் கழற்றினால் இவையும் போய்விடும். அன்றியும், பந்தய வார்கள் உடலை நிமிர்ந்தபடியே அசையாமல் பிணைப்பவை. மேலே இரும்புக் கூண்டு இல்லாத காரில் அப்படிப் பிணைக்கப்பட்டவர், வண்டி கவிழ்ந்து கூரை நசுங்கும்போது விலகிச் சாயவும் முடியாது. இருக்கை, வார், கூண்டு, தலைக்கவசம் ஆகிய நான்கும் ஒரு குடும்பம். ஒன்றை மட்டும் பிரித்துக் கொண்டுவந்தால் அது பயன் தாராது. சில வேளைகளில் பகையாகவே மாறும்.

பார்முலா ஒன் என்னும் உச்சநிலைப் பந்தயத்தில் இருக்கையை ஓட்டுநரின் உடலுக்கே வார்க்கிறார்கள். சிறு மணிகளும் பிசினும் நிறைந்த பையை வண்டிக்குள் இட்டு, அதன்மேல் அவரை உட்கார வைப்பர். அது இறுகும்போது அவருடைய முதுகின் வடிவத்தையே பெற்றுவிடும். அத்தகைய வசதி இருந்தும், உடல் கொள்ளாத வண்டி கொள்ளாததே. ஜஸ்டின் வில்சன் என்ற ஆங்கிலேய ஓட்டுநர் ஏறத்தாழ 1.92 மீட்டர் உயரமுடையவர். 2002-ஆம் ஆண்டில் மினார்டி என்ற குழுவின் வண்டியில் அவரை ஓட்டச் செய்ய எண்ணினர். அவர் உடல் அதற்குள் அடங்கவில்லை. அவரை மடக்கித் திணித்து அனுப்பவில்லை. அந்த வாய்ப்பு வேறொருவருக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு, 2003-இல், அதே குழுவின் வண்டியில் அவர் ஓட்டினார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. எல்லா வழிகளையும் அளந்து பார்த்த பின்னும் தலை அந்தக் கழிக்கு மேலே நின்றால், "இந்த வண்டி எனக்கு ஏற்றதன்று" என்று சொல்லி இறங்கத் தெரிய வேண்டும். அப்படி இறங்குவது தோல்வியன்று. அளவு நாடா சொன்ன உண்மையை ஏற்றுக்கொள்ளும் நேர்மை. அதற்கு, வேகமாக ஓட்டுவதைவிட மிகுந்த துணிவு வேண்டும்.

எத்தனையோ நெட்டை மாணவர்கள் குட்டைப் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு என் முன்னே உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சை அவர்களுக்கேற்ப உயர்த்திக் கொடுக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் வரை எனக்குத் தோன்றவில்லை. நேராக உட்காரச் சொல்லி அவர்களைக் கடிந்துகொண்டதே உண்டு. கருவியை மனிதனுக்கு ஏற்பச் செய்ய வேண்டுமே அல்லாமல், மனிதனைக் கருவிக்கு ஏற்ப முறிக்கலாகாது. நாளை நீங்கள் பொறியியலாளராகி நாற்காலியோ, நெசவுத் தறியோ, விமானமோ எதைச் செய்தாலும், அதில் உட்காரப் போகிறவரை முதலில் அளந்துகொள்ளுங்கள்.